பல்லுன்னே சொல்லு

என் மனைவியின் பல்லை உடைத்தது நான்தான். அடித்து உடைக்கவில்லை, அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது. கட்டிலுக்குக் கயிறு கட்டும்போது உடைந்தது.

ஊரடங்கு போட்டு மூன்றாவது வாரம். நாரணாபுரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி பூட்டிக் கிடந்தது. ஆனைக்குட்டத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. முதல் வாரம் கதவைச் சரிசெய்தேன். அதன்பிறகு அதைச் சாத்த முடியவில்லை. இரண்டாவது வாரம் மிக்சியைக் கழற்றி மாட்டினேன். ஒரு திருகாணி மிச்சம் வந்தது, மிக்சி ஓடவில்லை. மூன்றாவது வாரம் கட்டில்.

நைலான் கயிறு. நான் ஒரு முனையை வைத்துக்கொண்டு, "செல்வி, அந்த முனையக் கொஞ்சம் பிடி" என்றேன். மாரிசெல்வி இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தாள். அதனால் கயிற்றைக் கடைவாயில் கடித்துக்கொண்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விநோதமாக இருக்கும். பட்டாசு செய்கிற அறையை நாங்கள் செட்டு என்போம்; அதற்குள் இரும்பு வரக்கூடாது. இரும்பு உரசினால் பொறி, பொறி பறந்தால் நாங்கள் இல்லை. பித்தளைக் கத்தி உண்டு, நாற்பது பேருக்கு இரண்டு. அது கைக்கு வருவதற்குள் பொழுது போய்விடும். மாரிசெல்வி இருபது வருசமாக அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவள். முனையைக் கடித்து இழுத்து முடிச்சை இறுக்கி, பல்லாலேயே அறுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். எங்களுக்கெல்லாம் மூன்றாவது கை வாய்க்குள் இருக்கிறது. அன்றைக்கு முனையைக் கட்டி வைக்கக் கட்டில் கால் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு பேருக்குமே அது ஞாபகம் வரவில்லை.

"இழுக்கட்டா?"

"ம்."

இழுத்தேன். சணலாக இருந்தால் அறுந்திருக்கும். நைலான் அறுபடவில்லை. பல் பாதியாக உடைந்து என் காலடியில் வந்து விழுந்தது.

கட்டில் மட்டும் நன்றாக வந்திருந்தது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாக முடித்த ஒரே வேலை; யாரிடமும் காட்டிப் பெருமைப்பட முடியவில்லை.

முதல் நாள் கிராம்பை நசுக்கி வைத்தாள். இரண்டாம் நாள் கன்னம் வீங்கியது. மூன்றாம் நாள் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கி, காய்ச்சலும் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போய் எனக்குத் தெரிந்த மூன்று பல் கிளினிக்குகளின் பூட்டையும் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றும் நல்ல பூட்டு. மருந்துக் கடைக்காரர் மாத்திரை தந்தார்.

"அண்ணாச்சி, உசுருக்கு ஏதும் ஆபத்தா?" என்று கேட்டேன். வீக்கம் கழுத்துப் பக்கம் வந்ததிலிருந்து எனக்கு இந்த ஒரு கேள்விதான்.

"மாத்திரையப் போடுங்க, பாப்போம்" என்றார்.

யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை. போனில் ஒரு உதவி எண்ணைப் பிடித்தேன். அந்தப் பெண் இருமல் உண்டா என்று கேட்டாள், வெளிநாட்டிலிருந்து வந்தீர்களா என்று கேட்டாள். "ஆனைக்குட்டத்துலருந்து பேசுறேம்மா, பல்லு" என்றேன். பல்லுக்கு எந்த எண்ணை அழுத்துவது என்று அவளுக்கும் சொல்லித்தரவில்லை போல. இரண்டு நாள் கழித்துக் கூப்பிடச் சொன்னாள்.

நான்காம் நாள் காலையில் கஞ்சித் தண்ணீர் இறங்கவில்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள். எழுந்து சேலையை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, "கெளம்பு" என்றாள்.

"எங்கன?"

"பல்லு டாக்டரு எங்கன இருக்காகளோ அங்கன."

நல்லசிவம் விருதுநகர் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லோடு ஆட்டோக்காரர், அடுத்த தெருக்காரர். காய்கறிக்குப் பாஸ் உண்டு. விருதுநகர் பெரிய ஊர், அங்கே ஒரு பல் டாக்டராவது இருக்காமலா போவார்? கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே எங்களை ஏற்றிக்கொண்டார். மாரிசெல்வி கன்னத்தில் மஞ்சள் பற்றுப் போட்டு, வெள்ளை வேட்டித் துணியைத் தாடையிலிருந்து உச்சந்தலைக்குச் சுற்றிக் கட்டியிருந்தாள். கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன.

பாதி வழியில் போலீஸ் தடுப்பு. ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு தார் டிரம், அதன்மேல் ஒரு சவுக்குக் கம்பு. கொளுத்துகிற வெயிலில் ஒரே ஒரு ஏட்டு. சட்டையில் பாண்டிச்செல்வம் என்று பெயர் இருந்தது. பாஸை வாங்கிப் பார்த்தார். பிறகு பின்னால் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஐயோ, வெடி விபத்தா? எந்த கம்பெனிய்யா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் கம்பைத் தூக்கப் போனார். "கம்பெனியெல்லாம் பூட்டிக் கெடக்கு. வீட்டுல வச்சுத் திருட்டுத்தனமாச் செஞ்சீகளா? சரி, அதெல்லாம் பெறகு பேசிக்கிடுவோம். போங்க, போங்க!"

"ஆமா சார்" என்றார் நல்லசிவம், வண்டியைக் கியரில் போட்டபடி.

என் தலையும் என்னைக் கேட்காமலேயே ஆட ஆரம்பித்தது. மாரிசெல்வி கையை நீட்டி அதைப் பிடித்து நிறுத்தினாள். மறு கையால் துணியை அவிழ்த்தாள்.

"இல்ல சார்" என்றாள். "பல்லு."

கம்பு திரும்பவும் டிரம்மில் இறங்கியது.

"ஏ செல்வி, ஒனக்குக் கிறுக்கா?" என்று அவள் காதில் சீறினேன். "அவரே சொல்லுதாரு, அவரே தொறக்காரு. நீ சும்மா இருந்தாப் போதாதா?"

வாய் திறக்க முடியாததால் அவள் பேச்சு பாதி எச்சிலும் பாதி எழுத்துமாக வந்தது. நான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். "அது சண்முகத்தாய்க்கு விட்ட வழி" என்றாள்.

சண்முகத்தாய் அவளுடைய அக்கா. ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் செட்டு வெடித்தது. வேனில் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனது மாரிசெல்விதான். அன்றைக்கு ரோட்டில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பஸ்கள் ரோட்டை விட்டுக் காட்டுக்குள் இறங்கி நின்றன. கல்யாணக் கார் ஒன்று பூமாலையோடு பள்ளத்தில் இறங்கி வழிவிட்டது. அக்கா பிழைக்கவில்லை, ஆனால் ஒரு நொடிகூட ரோட்டில் காத்துக் கிடக்கவில்லை. எங்கள் பக்கத்தில் விளையாட்டுக்குக்கூட "வெடிச்சிருச்சு" என்று கத்துகிற பிள்ளை முதுகில் ஒன்று வாங்காமல் போகாது.

"பொய் சொல்லி அந்த வழில நாம போனா, நாளைக்கு நெசமாப் போறவகள நிறுத்தி வச்சுக் கேள்வி கேப்பாக" என்றாள். "பல்லுன்னே சொல்லு. பல்லுக்கு என்ன வெக்கம்?"

ஏட்டு ஆறடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீ சொல்லுறது நியாயந்தாம்மா. ஆனா பல்லு லிஸ்ட்ல இல்லையே. நெஞ்சு வலி இருக்கு, பிரசவம் இருக்கு, விபத்து இருக்கு. பல்லு இல்ல. வண்டியத் திருப்புங்க."

மாரிசெல்வி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். நேராக நடந்துபோய் சவுக்குக் கம்புக்கு நேர் கீழே, தார் ரோட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"லிஸ்ட்ல ஏறுற வரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

"ஏம்மா, எந்திரி! மேல அதிகாரி வந்தா என்னத் தொலைச்சிருவாரு."

"வரட்டும். அவருக்கும் பல்லு இருக்கும்ல."

ஏட்டு லத்தியை ஓங்குவதா கீழே போடுவதா என்று தெரியாமல் ஒரு அடி கிட்டே வந்தார். "அவளுக்குக் காய்ச்சல் வேற சார்" என்றேன். இரண்டு அடி பின்னால் போய்விட்டார். "பல்லுக் காய்ச்சல்தான், ஒட்டாது" என்றேன். நம்பவில்லை.

நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். போலீசுக்கு முன்னால் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீரமென்று யாரும் நினைத்துவிட வேண்டாம், போலீசுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கப் பயம். ஆனால் உட்கார்ந்த பிறகு ஒரு அதிசயம் நடந்தது. தார் சுடச்சுட எனக்குக் கோபம் வந்தது. "சார், லிஸ்ட்ட எழுதுனவரு பல்லில்லாதவரா? இவ நாலு நாளாச் சோறு தின்னல. எச்சி எறங்கல. இவளுக்கு உசுருக்கு ஆபத்தா இல்லையான்னு ஊருல ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக. நீங்களாவது சொல்லுங்க, நாங்க திரும்பிப் போயிருதோம்."

"நான் டாக்டரா?" என்றார் ஏட்டு.

"அப்ப டாக்டர்கிட்டப் போக விடுங்க."

நல்லசிவத்தை யாரும் தடுக்கவில்லை, அவர் போயிருக்கலாம். கத்திரிக்காய் வாடிக்கொண்டிருந்தது. வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி அதன் நிழல் மாரிசெல்வி மேல் விழும்படி நிறுத்திவிட்டு, சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பேட்டரி மக்கர் சார்" என்றார் ஏட்டிடம்.

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி, ஒண்ணு செய்யுங்க. ஒரு டாக்டரு, ஒரே ஒரு டாக்டரு, 'கூட்டிட்டு வாங்க'ன்னு என் காதுபடச் சொல்லட்டும். நான் விடுதேன். மேல கேட்டா நான் பாத்துக்கிடுதேன்."

எந்த டாக்டர்? என்னிடம் ஒரு பல் டாக்டர் நம்பரும் கிடையாது. அப்போதுதான் மச்சினன் காளீஸ்வரன் நினைவு வந்தது. மாரிசெல்வியின் தம்பி. சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பல் டாக்டர் காலண்டர் கொடுத்தாலும் முக்கால்வாசி எங்கள் பக்கத்தில்தான் அடித்திருப்பார். பிரஸ்ஸில் சாயம் பிசகி ஒதுக்கிய ஷீட்டுகளைக் கொண்டுவந்துதான் அவன் ஆட்டுக்கொட்டகைக்கு மறைப்புக் கட்டியிருந்தான். போன் போட்டேன்.

"மாப்ள, ஒன் ஆட்டுக்கொட்டாயில பல்லு படம் போட்ட காலண்டர் ஏதும் இருக்கா?"

"என்ன மச்சான், வெயில்ல நிக்கீகளா?"

"நிக்கல, உக்காந்திருக்கேன். அக்காவுக்குத்தான். பாத்துச் சொல்லு."

ஆடுகள் கத்துவது கேட்டது. "மூணு இருக்கு மச்சான். ஒண்ணு நாமக்கல்லு. ஒண்ணு தஞ்சாவூரு. ஒண்ணு விருதுநகரு, ஆனா அதுல ஓரத்த ஆடு தின்னுருச்சு."

நாமக்கல்லுக்கு அடித்தேன், ஸ்பீக்கரில் போட்டு. தூரம் பெரிதில்லை, வாயால் சொன்னால் போதுமே. ஊரடங்கு முடியட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். தஞ்சாவூர்க்காரர் தங்கமான மனிதர், நிறையப் பேசினார். கருவியை வாயில் வைத்தால் எச்சில் தெறிக்கும், எச்சிலில் கிருமி இருக்கும், மேலிடத்து அறிவுரை அப்படி, மாத்திரையைத் தொடரலாம், தேவைப்பட்டால் நிறுத்தலாம் என்றார்.

"சார், ஒரே வார்த்த. கழுத்து வரைக்கும் வீங்கிருச்சு. உசுருக்கு ஆபத்தா, இல்லையா?"

"அப்படியும் சொல்லிட முடியாது. இப்படியும் சொல்லிட முடியாது."

ஏட்டு கம்பில் சாய்ந்தபடி, "இந்தாளு வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவரு" என்றார். எப்போது ஆறடியை விட்டு நாலடிக்கு வந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

மிச்சம் விருதுநகர். டாக்டர் நசிமா என்ற பெயரையும் ஒன்பது எண்ணையும் காளீஸ்வரன் படித்தான்.

"பத்தாவது?"

"ஆட்டு வயித்துல இருக்கு மச்சான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாரிசெல்வி துண்டை வாயில் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். மூச்சு வாங்குகிற சத்தம் காலையில் கேட்டதைவிடப் பெரிதாகக் கேட்டது.

ஏட்டு தன் போனை எடுத்தார். "பூச்சியத்துலருந்து நாலு வரைக்கும் நீங்க பாருங்க. அஞ்சுலருந்து ஒம்பது வரைக்கும் நான் பாக்கேன்."

பூச்சியம் எடுக்கவில்லை. ஒன்று ஒரு ஜவுளிக்கடை. இரண்டில் ஒரு பெரியவர், என்னைத் தன் மருமகன் என்று நினைத்துத் திட்ட ஆரம்பித்தார். பாதியில் வைக்க மனசில்லாமல் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். மூன்றை அழுத்திக்கொண்டிருக்கும்போது ஏட்டு விறைப்பாக நிமிர்ந்தார்.

"டாக்டர் நசிமாங்களா? வணக்கம்மா. நான் ஏட்டு பாண்டிச்செல்வம், ரோட்டுத் தடுப்புலருந்து பேசுறேன். ஒரு பல்லு கேஸ்ங்க." ஏதோ அவருடைய பல் மாதிரி ஆரம்பத்திலிருந்து சொன்னார்: நைலான் கயிறு உட்பட. அதை அவரிடம் யார் சொன்னது என்று பார்த்தேன். நல்லசிவம் வேறு பக்கம் பார்த்தார்.

ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் கறாராக வந்தது. "வாய் எம்புட்டு தொறக்குது? அவங்க விரலையே வச்சுப் பாக்கச் சொல்லுங்க."

மாரிசெல்வி வைத்துப் பார்த்தாள். "ஒரு வெரலுதாம்மா போகுது" என்றார் ஏட்டு.

"நாக்கத் தூக்க முடியுதா? குரல் மாறியிருக்கா?"

"தூக்குது. குரல்..." ஏட்டு என்னைப் பார்த்தார்.

"முந்தி என்னைத் திட்டுனா தெருமுனை வரைக்கும் கேக்கும்" என்றேன். "இப்பக் கேக்கல."

"கூட்டிட்டு வாங்க. நான் போய்க் கிளினிக்கத் தொறக்குறேன்."

"அம்மா, உசுருக்கு ஆபத்தா?" என்று நான் குறுக்கே கத்தினேன்.

"பாக்காமச் சொல்ல மாட்டேன். பேசிக்கிட்டு நிக்காம வாங்க."

ஏட்டு நோட்டைத் திறந்து வண்டி எண்ணை எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் 'அவசர சிகிச்சை' என்று எழுதினார். மாரிசெல்வி தட்டுத் தடுமாறி எழுந்து எட்டிப் பார்த்தாள்.

"பல்லுன்னே எழுதுங்க சார். அடுத்து வாறவகளுக்கு லிஸ்ட்ல இருக்கும்ல."

ஏட்டு எழுதியதை அடித்துவிட்டு, பல் என்று எழுதினார், பெரிதாக. கம்பைத் தூக்கினார்.

கிளினிக் ஒரு வீட்டின் முன்னறை. டாக்டர் நசிமா மழைக்கோட்டு போட்டிருந்தார், சித்திரை வெயிலில். முகத்துக்கு முன்னால் நோட்டு பைண்டிங்குக்குப் போடுகிற பிளாஸ்டிக் ஷீட்டை எலாஸ்டிக் வைத்துக் கட்டியிருந்தார். "கவச உடை வரும் வரும்னாங்க, வரல" என்றார். "உதவிக்கு ஆளும் வரல. நீங்கதான் டார்ச் பிடிக்கணும். மயக்கம் போட்டு விழுந்துற மாட்டீங்களே?"

"விழ மாட்டேன்" என்றேன். வீட்டில் யாராவது விரலை வெட்டிக்கொண்டாலே நான்தான் முதலில் படுப்பேன். அதைச் சொல்லவில்லை.

டார்ச் வெளிச்சத்தில் என் கைவேலையைப் பார்த்தேன். பாதிப் பல், கறுத்து, சுற்றிலும் வீங்கிய சதைக்குள் புதைந்து கிடந்தது. டாக்டர் மற்றப் பற்களையும் பார்த்தார். எல்லாம் ஓரம் தேய்ந்து, நடுவில் சணல் பருமனுக்குப் பள்ளம் விழுந்திருந்தன.

"பட்டாசா?" என்றார்.

"ஆமாங்க."

"இங்க வாரவங்க பாதிப்பேருக்கு இதே பள்ளம்தான்." பிளாஸ்டிக்குக்குப் பின்னால் அவர் முகம் வியர்த்துக் கொட்டியது. "இந்தா பாருங்கம்மா, ஊசி போடுறேன். ஆனா இம்புட்டுச் சீழ் இருக்கும்போது மரத்துப் போறது கஷ்டம். வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன்."

மாரிசெல்வி தலையாட்டினாள். என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் சதையைக் கீறினார். வந்ததை நான் எழுதப்போவதில்லை. பிறகு இடுக்கி போனது. மாரிசெல்வியின் காலிரண்டும் விறைத்து நாற்காலியை விட்டு மேலே எழும்பின. ஒரு சத்தம் போடவில்லை. என் மணிக்கட்டில் அவள் நகம் நாலும் இறங்கின. கண்ணை என் மேலேயே வைத்திருந்தாள், கீழே விழுந்தால் கொன்றுவிடுவேன் என்பதுபோல. டார்ச் ஆடவில்லை. அழுதது நான்தான், அதுவும் மூக்கு ஒழுக, துடைக்கக் கையில்லாமல்.

ஒரு வேர் வந்தது. இரண்டாவது வேர் வர மாட்டேன் என்றது. டாக்டர் ஒரு காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வந்தது.

பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, இன்னொரு ஊசியும் போட்டு, அரைமணி நேரம் அவளைச் சாய்த்து உட்கார வைத்தார். நடுநடுவே வந்து கழுத்தை அமுக்கிப் பார்த்தார், தண்ணீர் விழுங்கச் சொன்னார். மூன்றாம் தடவை ஒரு மடக்கு இறங்கியது. காலையிலிருந்து எதையும் இறக்காத அந்தத் தொண்டை அசைந்ததைப் பார்த்ததும் நான் வாசலுக்கு வந்துவிட்டேன். டாக்டரும் பின்னாலேயே வந்து மழைக்கோட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த சுடிதாரைப் பிழிந்திருந்தால் ஒரு குடம் தேறியிருக்கும்.

எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே பயமாக இருந்தது. இத்தனை பேரிடம் கேட்டு, ஒருவரும் சொல்லாமல் இருந்ததே ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்திருக்கிறது. உள்ளே திரும்பிப் பார்த்தேன். மாரிசெல்வி பஞ்சைக் கடித்தபடி, கேளு என்று கையைக் காட்டினாள்.

"உசுருக்கு ஆபத்தா டாக்டரம்மா?"

"ஆமா, இருந்துச்சு" என்றார் டாக்டர் நசிமா. "சீழ் தாடைக்குக் கீழ எறங்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் விட்டிருந்தா மூச்சுக்குழாய அடைச்சிருக்கும், நானும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. இப்ப வடிச்சாச்சு, பல்லும் வந்தாச்சு, தண்ணி எறங்குது. பொழச்சுக்கிடுவாங்க. மறுபடி மூச்சு வாங்குனா எனக்குப் போன் பண்ணுங்க. எந்த நேரமா இருந்தாலும் நானே வண்டியில ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட வாரேன்."